பாலைக்காட்டில் எதிர்ச்சுற்று

கோடியக்கரைக் காட்டின் வாசலில் வேன் நின்றதும், ஜெக்கரியா முதல் காரியமாக டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மர நிழலில் போட்டார்.

"மாப்ள, நீங்க இதுல உக்காந்துக்குங்க. நாங்க உள்ள ஒரு சுத்து போயிட்டு வந்துடறோம். அக்னஸ், நீயும் இவர் கூடவே இரு."

இருதயசாமிக்குச் சுருக்கென்றது. ஷார்ஜாவில் கட்டட வேலையில் கம்பி கட்டிக்கொண்டிருந்தவன் அவன். கிரேனில் போன கம்பிக்கட்டு சரிந்து விழுந்து, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஊர் திரும்பிய நாளிலிருந்து அவன் அதிகம் கேட்ட வார்த்தை 'உக்காருங்க'தான். பூசையில் எல்லோரும் எழுந்து நிற்கும்போதுகூடத் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார்கள். இப்போது அவன் மனைவி அக்னஸின் அண்ணன் ஜெக்கரியா இன்னும் ஒரு படி மேலே போய், கால் இல்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் எஸ்.டி.டி. டெலிபோன் பூத்துக்கு அலைந்து திரிந்து ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் கண்ணாடிக் கூண்டுக்குப் பக்கத்தில் ஆயுசு பூராவும் உட்கார்ந்திருக்கலாம். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் மற்றவர்கள் பேசப் பேச, மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

மச்சான் கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

பங்குக் கோயில்காரர்கள் சேர்ந்து வேன் பிடித்து வேளாங்கண்ணிக்கு வந்திருந்தார்கள். காலையில் அக்னஸ் மாதாவுக்கு மெழுகில் செய்த கால் ஒன்றைக் காணிக்கையாக வைத்தாள். திரும்புவதற்கு முன்னால் காட்டையும் பார்த்துவிடலாம் என்று யாரோ சொல்ல, வேன் இந்தப் பக்கம் திரும்பியது.

வாசலில் காவலுக்கு நின்ற வேம்பு பாதையைக் காட்டினார். "சின்னச் சுத்துதாங்க. வலப்பக்கம் போனாலும் இடப்பக்கம் போனாலும் கடைசியில இங்கயே கொண்டாந்து விட்டுடும்."

கூட்டம் வலப்பக்கம் போய் மறைந்தது. இருதயசாமி நாற்காலியைப் பார்த்தான். பிறகு இடப்பக்கம் நடக்க ஆரம்பித்தான்.

"என்னங்க, எங்க போறீங்க?" அக்னஸ் பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"சுத்திப் பாக்க."

"சார், உள்ள பூரா மணலுங்க. குதிரைங்க வேற திரியும்" என்றார் வேம்பு.

"குதிரை என்னை ஒண்ணும் கேக்காது. மனுஷங்கதான் கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவன் நிற்காமல் போனான். அக்னஸ் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தாள்.

தார் ரோட்டில் செயற்கைக்காலின் ரப்பர்ப் பாதத்தோடு நடப்பது பழகியிருந்தது. மணல் வேறு மாதிரி. ஊன்றும்போது பாதம் ஒரு பக்கம் சாய்ந்து உள்ளே போனது. ஒவ்வொரு தடவையும் இடுப்பைத் தூக்கித்தான் இழுக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் வயசு சொல்ல முடியாத பாலை மரங்கள், முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி அடிமரத்தோடு நின்றன. தலைக்கு மேலே கிளைகள் பின்னிக்கொண்டதில் வைகாசி வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் கீழே விழுந்தது. மஞ்சள் பழங்கள் உதிர்ந்து கிடந்தன. அக்னஸ் ஒன்றை எடுத்துக் கடித்தாள். பால் உதட்டில் ஒட்டிக்கொள்ள, கோபத்தை மறந்து சிரித்துவிட்டாள்.

மரங்கள் விலகி, புல்வெளியும் தூரத்தில் மான்களும் தெரிந்த இடத்தில் எதிரே கூட்டம் வந்தது. ஜெக்கரியாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா மாப்ள? விழுந்து வச்சா யாரு தூக்கிட்டுப் போறது? திரும்புங்க, எங்க கூடவே வந்துடுங்க."

"எதுக்கு மச்சான் திரும்பணும்? இது பாதி வழி. திரும்பினாலும் பாதி நடக்கணும், போனாலும் பாதி நடக்கணும். போறதையே நடந்துடறேன்."

"விளையாட்டா இருக்கா? அக்னஸ், நீ சொல்லு இவருக்கு."

எல்லோரும் அக்னஸைப் பார்த்தார்கள். அவளும் திரும்பச் சொல்வாள் என்றுதான் இருதயசாமி நினைத்தான். அவள் சேலைத் தலைப்பால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க போங்கண்ணே. நாங்க இந்தப் பக்கமா வர்றோம்."

ஜெக்கரியா கையை உதறிக்கொண்டு நடந்தார்.

மீதிப் பாதி சுலபமாக இல்லை. மணலில் புதைந்து கிடந்த வேர் ஒன்று பாதத்தைத் தட்ட, இருதயசாமி குப்புற விழுந்தான். வாயெல்லாம் மண். அக்னஸ் பாய்ந்து வந்தாள்.

"தொடாத!"

அவள் நின்றுவிட்டாள். இரண்டு கையையும் கோத்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். அவன் முழங்கையால் ஊர்ந்து பக்கத்து மரத்தைப் பிடித்தான். முதல் முறை வழுக்கியது. இரண்டாம் முறை முறுக்கிய அடிமரத்தின் பள்ளத்தில் விரல்களைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை மேலே இழுத்தான். நின்றதும் மூச்சு வாங்கியது. செயற்கைக்கால் பொருந்திய இடம் நெருப்பாக எரிந்தது. அக்னஸ் அழுதுகொண்டிருந்தாள்.

"ஏன் அழுவற?"

"நீங்க விழுந்ததுக்கு இல்ல. தூக்காம நிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கென்ன தெரியும்?"

அவன் வாயிலிருந்த மண்ணைத் துப்பினான். "வா" என்று மட்டும் சொன்னான். அதற்கப்புறம் இருவரும் பக்கம் பக்கமாக நடந்தார்கள்.

வெளியே வந்தபோது டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். யாரும் கை தட்டவில்லை. வெயிலில் காத்திருந்த எரிச்சல் எல்லோர் முகத்திலும் இருந்தது. இருதயசாமி யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

வேன் வேதாரண்யத்தைத் தாண்டும்போது ஜெக்கரியா வாயைத் திறந்தார். "திங்கக்கிழமை தஞ்சாவூருக்கு வரணும். பூத்துக்குக் கையெழுத்துப் போட."

"வேணாம் மச்சான். நீங்க அலைஞ்சது எனக்குத் தெரியும். ஆனா வேணாம்."

"வேணாம்னா? அப்புறம் என்ன செய்வீங்க?"

"கம்பி கட்டுவேன்."

"உங்களை யாரு சாரத்துல ஏத்துவா?"

"கேட்டுப் பாக்கறேன். முடியாதுன்னா அடுத்த ஆளைக் கேக்கறேன்."

ஊருக்கு வந்ததும் கால் வீங்கி ஒரு வாரம் படுத்துக் கிடந்தான். அக்னஸ் வெந்நீர் ஒற்றடம் கொடுத்துக்கொண்டே வாய் ஓயாமல் திட்டினாள். வீக்கம் வடிந்ததும் வேலை கேட்கக் கிளம்பினான். வெளிநாட்டுப் பணத்தில் ஊருக்கு ஊர் மாடி வீடு எழும்பிக்கொண்டிருந்த காலம். இருந்தும் பல மேஸ்திரிகள் காலைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். நீடாமங்கலத்தில் இராஜாங்கம் என்ற மேஸ்திரிதான் கையைப் பார்த்தார். முதலில் தரையில் கம்பி வளைக்கிற வேலை கொடுத்தார். பொங்கலுக்குள் மேல்தளத்துக்கு ஏற்றிவிட்டார்.

ஜெக்கரியா ஒரு வருஷம் அவர்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. "நீங்க போயி ஒரு வார்த்தை பேசிட்டு வாங்களேன்" என்று அக்னஸ் இரண்டொரு முறை சொல்லிப் பார்த்தாள்.

"பேசறேன். ஆனா தப்பு பண்ணிட்டேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்" என்றான் இருதயசாமி.