மலையை நாம் விற்கவில்லை

சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்தவன் நாகேஸ்வரன்தான். படத்தில் அது அசிங்கமாகத் தெரிந்தது, எடுத்தான். திரும்பி வந்து கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தபோது, கேமராக் கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்த வண்டி மெல்லச் சிறுத்துக்கொண்டே போயிற்று. ஒரு கணம் அதை ரசித்தும் விட்டான். அப்புறம்தான் உறைத்தது: வண்டி பொன்முடிச் சரிவில் தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே முத்தாரம்மாள் இருந்தாள்.

அவளை உள்ளே அனுப்பியதும் அவன்தான். புகைக்குழாயில் புகை வந்தால் படம் ஜோராயிருக்கும், அடுப்பை மூட்டுங்கள் என்று சொல்லியிருந்தான்.

அந்த நாலு சக்கரத் தகர வீட்டுக்குச் 'சஞ்சார பங்களா' என்று பெயர். சாலைக் கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருந்த குற்றாலலிங்கம் பிள்ளை, முத்தாரம்மாளின் புருஷர், ஏதோ சீமைப் பத்திரிகையைப் பார்த்துச் செய்தது. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போய் அழகான இடத்தில் நிறுத்திக் குடியிருக்கலாம். தேயிலைத் தோட்டத்துத் துரைமாரிடம் காட்டி விற்கப் படங்கள் வேண்டும் என்று வலியசாலைப் போட்டோக்காரன் நாகேஸ்வரனைப் பிடித்திருந்தார்.

முதல் படம் சங்குமுகம் கடற்கரையில். அம்மை குத்துகிற வண்டி என்று பாதி ஜனம் ஓடிவிட்டது. மீதி, குத்திக்கொள்ளக் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. அடுத்தது அருவிக்கரை. குளிக்க வந்த பெண்கள் வண்டி ஜன்னலில் கொடி கட்டித் துணி காயப்போட்டுவிட்டார்கள்.

இரண்டையும் பார்த்துவிட்டுப் பிள்ளை சொன்னார்: "கொள்ளாம்."

பன்னிரண்டு வருஷமாகப் படமெடுத்து, ஊரில் எல்லாரிடமும் நாகேஸ்வரன் கேட்டுவந்த ஒரே விமரிசனம் அதுதான். நன்றாயிருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம், தேவலை என்றும் எடுத்துக்கொள்ளலாம். பாயசத்துக்கும் கொள்ளாம், பக்கத்து வீட்டு மாப்பிள்ளைக்கும் கொள்ளாம். அவன் சட்டைப்பையிலோ சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா வேலைக்கான உத்தரவு இருந்தது, மாமனார் நடையாய் நடந்து வாங்கியது. திங்கட்கிழமை சேர்ந்தால் கேமராவைத் தலைமுழுக வேண்டியதுதான். படம் எடுக்க உனக்கு வரும், அல்லது வராது என்று யாராவது ஒருவர் பட்டென்று சொல்லிவிட்டால் போதும். யாரும் சொல்லவில்லை.

தேயிலைச் செடிகளில் சிக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டி நின்றது. நாகேஸ்வரன் விழுந்தடித்து ஓடினான்.

"அம்மா! இருக்கேளா?"

ஜன்னலில் முத்தாரம்மாளின் முகம் தெரிந்தது. "இருக்கேன். காப்பிதான் போச்சு. கல்லை எடுத்தது ஆரு?"

"நான்தாம்மா."

"நெனச்சேன்."

மூச்சிரைக்க வந்த பிள்ளை மனைவியைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், வண்டிக்குப் பின்னால் விரிந்த பள்ளத்தாக்கைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"சாமி, மேலே இந்தக் காட்சி இல்லியே! இங்கயே எடும்."

"வண்டி சாஞ்சு நிக்கறதே, பிள்ளைவாள்?"

"கேமராவையும் சாச்சு வையும்."

"அப்போ மலை சாஞ்சுடுமே!"

"சாயட்டும் சாமி. மலையை நாமளா விக்கோம்?"

நாகேஸ்வரன் கேமராவின் ஒரு காலைப் பள்ளத்தில் இறக்கி, தன் தலையையும் சாய்த்துக்கொண்டு எடுத்தான். வண்டி நிமிர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை கவிழ்ந்தது.

"எப்படி இருக்கும்?" என்றான்.

"கொள்ளாம்," என்றார் பிள்ளை. வண்டியை மேலே இழுக்கத் தோட்டத்து ஆட்களைக் கூப்பிடப் போய்விட்டார்.

வண்டிக்குள் முத்தாரம்மாள் சாய்ந்த கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உருண்டபோது பரணிலிருந்து விழுந்த முந்தைய படங்கள் இரண்டும் அவள் மடியில் கிடந்தன. நாகேஸ்வரன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு உத்தரவை எடுத்துக் காட்டினான்.

"உங்களைக் கொல்லப் பார்த்தவன் கேக்கறேன். மறைக்காம சொல்லுங்கோ. எனக்குப் படம் எடுக்க வருமா, இல்லே இந்த வேலைக்குப் போகட்டுமா?"

அவள் சங்குமுகத்துப் படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தாள்.

"வண்டி எடுக்க உமக்குச் சுத்தமா வராது சாமி. தகர டப்பா கணக்கா இருக்கு. ஆனா இந்தக் கிழவியப் பாரும், கண்ண இறுக்க மூடிட்டு கைய நீட்டிட்டு நிக்கா. பாத்தப்போ எனக்குல்லா கை வலிச்சுது. போவாண்டாம். மனுசங்களை எடும்."