பூட்டுநகர் டாட் காம்

பெங்களூரில் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிய பிறகு ஆல்வின் திண்டுக்கல்லுக்கே திரும்பி வந்தான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியைப் பிடித்து, ‘பூட்டுநகர் டாட் காம்’ என்ற செய்தித் தளத்தைத் தொடங்கினான். பூட்டுக்குப் பேர்போன ஊர் என்பதால் வைத்த பெயர் அது. ஆனால் கேட்டவர்கள் எல்லோரும், திறக்கிற அன்றைக்கே பூட்டு என்றா பேர் வைப்பது என்று முகம் சுளித்தார்கள்.

ஆல்வின் அதற்கெல்லாம் அசரவில்லை. இன்னும் பத்து வருடத்தில் அச்சடித்த பத்திரிகை வடை மடிக்கக்கூடக் கிடைக்காது என்பது அவன் கட்சி. செய்தியை இலவசமாகக் கொடுக்க வேண்டும். படிக்க வருகிற கண்களை விளம்பரக்காரர்களிடம் விற்க வேண்டும். இதைச் சவரக்கடையில் சொன்னான், சர்ச் வாசலில் சொன்னான், கடைசியில் மணிக்கூண்டுப் பக்கம் பிரியாணிக் கடை வைத்திருந்த அப்துல் சுக்கூரிடமும் போய்ச் சொன்னான்.

“கண்ண விக்கிறியா தம்பி? எந்த ஊருக் கண்ணு?” என்று கேட்டார் சுக்கூர்.

அமெரிக்கா, துபாய், சிங்கப்பூர் என்று ஆல்வின் உற்சாகமாக அடுக்கினான். உள்ளூரில் தன் தங்கை ஜெஸ்ஸி மட்டும்தான் பார்க்கிறாள், அதுவும் எழுத்துப்பிழை கண்டுபிடிக்க, என்பதைச் சொல்லவில்லை.

“அமெரிக்காவுல இருக்கவன் என் கடை விளம்பரத்தப் பாத்து என்ன செய்வான்? நாக்கு ஊறுனா பிளேன் ஏறியா வருவான்?”

பையன் முகம் வாடியதைப் பார்த்துச் சுக்கூர் ஒரு தட்டு பிரியாணி போட்டார். அவன் சாப்பிட்டு முடிப்பதற்குள் விளம்பரத்துக்கும் சம்மதித்துவிட்டார்.

பிளேன் ஏறி யாரும் வரவில்லை. நியூஜெர்சியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவன் பொன்னழகு, பக்கத்துத் தாடிக்கொம்பு ஊர்க்காரன். அம்மா, அக்காவின் பிரசவத்துக்காக வத்தலக்குண்டு போய்விட்டாள், அப்பா சடையாண்டி தனியாக இருந்துகொண்டு பழைய சோறும் ஊறுகாயுமாக ஓட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு சுக்கூர் பாய் பிரியாணி கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தான்.

பெங்களூர் கம்பெனியில் பத்துப் பேரை மேய்த்த தனக்கு இது தகுமா என்று ஆல்வின் அரைநாள் யோசித்தான். பிறகு அப்பாவின் டிவிஎஸ் ஐம்பதை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

சடையாண்டி வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “எந்தக் கட்சிப்பா?”

கட்சி இல்லை, உங்கள் மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பியது என்று ஆல்வின் விளக்கினான். பெரியவர் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“அம்புட்டுத் தூரம் வந்தும் சூடு ஆறலையே?”

கம்ப்யூட்டர், டெலிபோன் லைன், மின்னஞ்சல் என்று ஆல்வின் ஆதியோடந்தமாகச் சொன்னான். அவருக்கு அதில் ஒன்றுதான் பிடிபட்டது: அப்பன் என்ன சாப்பிடுகிறான் என்று மகன் அங்கே இருந்துகொண்டு நினைத்திருக்கிறான். பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். கொடுத்ததற்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று, அவர் கோழிக்காலைக் கடிக்கும்போது ஆல்வின் தன் டிஜிட்டல் கேமராவில் ஒரு படம் எடுத்தான்.

படத்தைப் பொன்னழகுக்கு அனுப்பினான். அன்றைக்குப் போடுவதற்கு வேறு செய்தி கிடைக்காததால், ‘தாடிக்கொம்பில் மதிய உணவு’ என்று தலைப்புக் கொடுத்துத் தளத்திலும் ஏற்றிவிட்டுத் தூங்கப் போனான்.

காலையில் கடிதங்கள் வந்து குவிந்து கிடந்தன. பின்னால் தெரிகிற வேப்பமரம் ராமர் வீட்டு மரம்தானே என்று மஸ்கட்டிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். தெருவுக்கு எப்போது சிமெண்டு போட்டார்கள் என்று ஒருவர். சித்தப்பா இப்படி இளைத்துப்போனாரே என்று ஒரு பெண். சிங்கப்பூர்க்காரர் ஒருவர், அடுத்த முறை கேமராவைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினால் எங்கள் வீடு தெரியும் என்று எழுதியிருந்தார்.

கம்ப்யூட்டர் வழி அரசு நிர்வாகம் பற்றி மண்டையை உடைத்துக்கொண்டு ஆல்வின் எழுதிய தொடருக்கு அதுவரை ஒரு கடிதம்கூட வந்ததில்லை. அவனுக்கு வயிறு எரிந்தது. இருந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேமராவை வலப்பக்கம் திருப்பினான். அதற்கடுத்த வாரங்களில் மற்ற ஊர் மகன்களும் கேட்டு எழுத, எரியோடு, வேடசந்தூர் என்று வண்டி ஓடியது. சுக்கூர் பொட்டலம் கட்டத் தனியாக ஓர் ஆள் போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றில், டிஜிட்டல் ஊடகத் தொழிலின் எதிர்காலம் பற்றிப் பேச அவனைக் கூப்பிட்டார்கள். ஆல்வின் கோட்டு மாட்டிக்கொண்டு போனான். இலவசச் செய்தி, விற்பனைக்குரிய கண்கள் என்று பழைய பாட்டைப் பாடி முடித்தபோது, தமிழ்மதி என்ற மாணவி எழுந்தாள்.

“சார், உங்க சைட்டுல ஜனங்க ரொம்பப் பாக்குறது எது?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, தாடிக்கொம்பில் ஒரு பெரியவர் கோழிக்கால் கடிக்கிற படம் என்றான். அரங்கமே சிரித்தது. காது சூடானாலும் ஆல்வின் நிறுத்தவில்லை. உலகச் செய்தி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அப்பா சாப்பிட்டாரா என்று பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை, தன் தொழில் இப்போதைக்கு அதுதான் என்றான். சொன்ன பிறகுதான், தானே அதை நம்புகிறோம் என்பது அவனுக்கு உறைத்தது.

கூட்டம் முடிந்ததும் கல்லூரி முதல்வர் அவன் தோளில் கை போட்டு வராந்தாவின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். மகன் மெல்போர்னில் இருக்கிறானாம். ஊரில் தனியாக இருக்கிற அப்பத்தாவைப் படத்திலாவது பார்க்க வேண்டும் என்று உயிரை எடுக்கிறானாம்.

“ஞாயித்துக்கிழம வத்தலக்குண்டு பக்கம் போவீங்களா?” என்றார். “ஆனா எங்க அம்மா கறி தொடமாட்டாங்க. தயிர்சாதம் கட்டித் தருவாங்களா?”