எஸ்தர் ராணியின் வாசலில் மாமியார்

ஹமதான் நகரத்து யூதப் பெண்கள் எந்தக் கஷ்டம் வந்தாலும் முதலில் எஸ்தர் ராணியிடம்தான் ஓடுவார்கள். பிள்ளை தங்கவில்லையா, புருஷன் முகம் கொடுத்துப் பேசவில்லையா, எல்லாவற்றுக்கும் ராணிதான். பாரசீக ராஜாவையே வழிக்குக் கொண்டுவந்து தன் ஜனத்தைச் சாவிலிருந்து மீட்டவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் அவள் கல்லறைக்கு வருகிற கூட்டம் குறையவில்லை.

தாவூஸுக்கு வேண்டியிருந்தது டெஹ்ரான். கணவன் நூரல்லாவுக்கு அங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை தயாராக இருந்தது. மாமியார் மொர்வாரித் விட்டால்தானே? பேச்செடுத்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மகன் தண்ணீர் கொண்டுவர ஓடுவான். பேச்சு அதோடு போய்விடும்.

பூரிம் பண்டிகைக்கு முந்தின நாள், எஸ்தர் விரதத்தன்று, நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு தாவூஸ் கல்லறைக்கு வந்தாள். காவல்காரர் முல்லா ரஹமீம் (அந்த ஊரில் யூத குருவையும் முல்லா என்றுதான் அழைப்பார்கள்) வெயிலில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். கல்லறையின் கல்வாசல் இடுப்பளவு உயரம்தான். ராஜாவானாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். ஒல்லிப் பெண் சட்டென்று நுழைந்துவிட்டாள். ராணியின் மரப்பேழைமேல் போர்த்தியிருந்த பட்டில் முகம் வைத்து, "ராணி, எங்க அத்தை மனசைக் கொஞ்சம் இளக்கிடு. உசுருக்கு ஒண்ணும் ஆக வேணாம்" என்று வேண்டிக்கொண்டாள். அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கொஞ்சம் யோசித்துத்தான் சேர்த்தாள்.

அப்போது வெளியே பழகிய குரல் கேட்டது.

"முல்லா, உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"ஒரு ஈ காக்கா இல்ல தாயி. காலையிலேர்ந்து கண் கொட்டாம பாத்துக்கிட்டிருக்கேன்."

தாவூஸ் பேழைக்குப் பின்னால் பதுங்கினாள். மொர்வாரித் பெருத்த உடம்புக்காரி. குளிருக்கு இரண்டு கம்பளிக் கோட்டு வேறு. வாசலில் தலை வந்தது, தோள் வந்தது. அதற்குமேல் வரவில்லை. பின்னாலும் போகவில்லை.

"என்ன தாயி, நின்னுட்டீங்க?"

"ராணிகிட்டப் பேசிக்கிட்டிருக்கேன். குறுக்கப் பேசாதீங்க."

சிறிது நேரம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, அவள் தாழ்ந்த குரலில் நிஜமாகவே பேச ஆரம்பித்தாள்.

"ராணி, எனக்கு ஒரே புள்ள. அந்த ஓணான் அவனைக் கெளப்பிக்கிட்டுப் போகப் பாக்குறா. நல்லாத்தான் சமைக்கிறா, இல்லேங்கல. அதை அவகிட்டச் சொன்னா தலைக்கு ஏறிடும். அவங்க போயிட்டா நான் யாரோட சண்டை போடுவேன்? பூனையோடயா?"

ராணியின் குரலில் பதில் சொல்லிவிடலாமா என்று தாவூஸுக்குத் தோன்றியது. 'போக விடு மகளே' என்று மூன்றே வார்த்தை. டெஹ்ரான் கைக்கு வந்துவிடும். வாயைத் திறந்தாள். பட்டின் தூசி மூக்கில் ஏறியது. பெரிதாகத் தும்மிவிட்டாள்.

"தாவூஸ், ரெண்டு வருசமா இந்தத் தும்மலைக் கேட்டுக்கிட்டிருக்கேன். வெளிய வா" என்றாள் மொர்வாரித்.

வந்தாள்.

"நூல் வாங்கிட்டியா?"

"கடை மூடியிருந்துச்சு அத்தே."

"சரி, கையைப் பிடிச்சு இழு."

தாவூஸ் கையைப் பிடித்தாள். இழுக்கவில்லை. "சமையலைப் பத்தி என்னமோ சொன்னீங்களே, இன்னொரு தடவை சொல்லுங்க."

"அடியே, ராணி பாத்துக்கிட்டிருக்கா."

"ராணியும் ராஜாவுக்கு விருந்து வச்சு, சமயம் பாத்துத்தான் கேட்டா."

மொர்வாரித் பல்லைக் கடித்தாள். "நல்லாத்தான் சமைக்கிற. உப்புதான் கொஞ்சம் தூக்கல்."

"டெஹ்ரான்?"

"போங்க. நானும் வரேன்."

இது தாவூஸின் வேண்டுதலில் இல்லாத சங்கதி. அவள் யோசிப்பதற்குள் வெளியிலிருந்து முல்லா, "தாயி, இங்க நாலு பேரு காத்துக்கிட்டிருக்காங்க. காலைப் பிடிச்சு இழுக்கட்டுமான்னு கேக்குறாங்க" என்றார். மொர்வாரித்தின் முகம் வெளுத்துப்போயிற்று. அந்த முகத்தைப் பார்த்தபோது, பூனையோடு தனியாக உட்கார்ந்திருக்கும் மாமியார் தாவூஸின் கண்முன் வந்து நின்றாள்.

"அங்க அடுப்பு யார் கையில?"

"உன் கையில. நான் குறை மட்டும் சொல்லிக்கிறேன்."

"இப்பவும் அதானே நடக்குது" என்றபடி தாவூஸ் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றி, கால் ஊன்றி இழுத்தாள். இரண்டு கோட்டையும் வாசலிலேயே விட்டுவிட்டு மொர்வாரித் தொப்பென்று மருமகள்மேல் வந்து விழுந்தாள். விழுந்த இடத்திலேயே இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ராணிக்கு ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். மொர்வாரித் தன்னுடையதை ஒரு விரல் முன்னால் தள்ளி வைத்தாள்.

உள்ளே போனது ஒருத்தி, வெளியே வந்தது இரண்டு பேர் என்று முல்லா அன்றைக்கே ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அடுத்த வாரமே பிள்ளையில்லாத பெண்கள் கெர்மான்ஷாவிலிருந்துகூட வர ஆரம்பித்தார்கள்.

அடுத்த மாதம் பஸ்கா பண்டிகை முடிந்ததும் மூவரும் டெஹ்ரானுக்குக் குடிபோனார்கள். நூரல்லாவுக்குக் கடைசிவரை ஒன்றும் புரியவில்லை. அம்மா எப்படிச் சம்மதித்தாள் என்று கேட்டால், "ராணி சொன்னா, கேட்டேன்" என்பாள் மொர்வாரித். தாவூஸ் அதை மறுத்ததேயில்லை.