பெண்கள் குழுவில் சேர்த்த பாட்

கிணத்துக்கடவு ரோட்டில் இருக்கும் அந்த பம்ப் கம்பெனியின் பொதுச் சாட் குழுவில் யாரும் மனசு விட்டு எழுத மாட்டார்கள். முதலாளி ரவிக்குமார் பார்ப்பாரே என்று "நோட்டட் சார்" போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லும் ஏஐ பாட் ஒன்றை அதில் புதிதாக இணைக்கும் வேலை இளவேனிலுக்கு. நம்ம ஊர்ப் பேச்சு அதற்குப் புரிகிறதா என்று சோதிக்க அந்த நோட்டட் சார்கள் எதற்கு ஆகும்? பெண்கள் மட்டும் இருக்கும் தனிக் குழுவில் அதைச் சேர்த்துவிட்டாள். அங்கேதான் பேச்சு பேச்சாக இருக்கும்.

பாட் அருமையாகப் புரிந்துகொண்டது. அங்கிருந்து அதை எடுக்கத்தான் மறந்துபோனாள். எந்தக் குழுவில் படித்ததையும் எந்தக் குழுவில் கேட்டாலும் அது சொல்லிவிடும்.

அந்த மறதி ஞாபகம் வந்த இடத்தைப் பாருங்கள். மீட்டிங் ஹால், எதிரே முதலாளி, பெரிய திரையில் பொதுச் சாட், பாட் பதில் சொல்வதை அவருக்குக் காட்டும் நாள். அசெம்ப்ளி பிரிவில் வேலை பார்க்கும் வர்ஷினி போன வாரம்தான் அந்தக் குழுவில் மேனேஜர் மனோஜ்குமாரைப் பற்றி எழுதியிருந்தாள். வெளியே தெரிந்தால் வீட்டில் வேலைக்கே அனுப்ப மாட்டார்கள், யாரும் வாய் திறந்துவிடாதீர்கள் என்று கெஞ்சியும் இருந்தாள். மனோஜ்குமார் முதலாளியின் மச்சினன். இப்போது முதலாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஒரு செட்டிங் மாற்ற வேண்டும், கொஞ்சம் பொறுங்கள் என்று இளவேனில் கேட்டுப் பார்த்தாள். ரவிக்குமார் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. டெஸ்பேட்ச் கணக்கு கேட்டார், ஸ்டாக் கேட்டார்; பாட் திரையில் பதில் போட்டது. ஒவ்வொரு பதிலுக்கும் இவளுக்கு உயிர் போய் வந்தது. கடைசியில், ரெண்டாவது ஷிஃப்டுக்குப் பெண்கள் ஏன் வரமாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டார்.

"மனோஜ்குமார் சார் தோளில் கை போடுகிறார், தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று வர்ஷினி எழுதியுள்ளார்" என்றது பாட்.

மனோஜ்குமாரின் முகம் வெளிறிவிட்டது.

"ஏனம்மணி, இது தானாக் கதை கட்டுமா?" என்றார் ரவிக்குமார்.

வர்ஷினியைக் காப்பாற்ற இளவேனிலுக்கு வேறு வழி தெரியவில்லை. "சில சமயம் இல்லாததச் சொல்லிப்போடுமுங்க."

அதைச் சாட்டிலும் போடச் சொன்னார். பாட் சொன்னது தவறு, யாரும் பொருட்படுத்த வேண்டாம் என்று அடித்து அனுப்பினாள். மனோஜ்குமார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

உடனே கீழே வர்ஷினியின் பெயர் வந்தது.

"தப்பில்லீங்க சார். நான் எழுதுனதுதானுங்க. நெசமுங்க."

ரவிக்குமார் மெல்ல மச்சினன் பக்கம் திரும்பினார். இளவேனில் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் அனுப்பிய வரி மனோஜ்குமாரைக் காப்பாற்றத்தான் என்று வர்ஷினி நினைத்திருப்பாள் எனத் தோன்றியதும் உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.