ஏட்டில் இல்லாத ஸ்வரம்

இர்மா பாத்திரம் கழுவும்போது பாடுவதை நிறுத்தி மூன்று வாரமாகிவிட்டது என்பது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சூப்பில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தபோது, செவெரினோவுக்குச் சட்டென்று உறைத்தது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. தட்டுகள் ஒன்றோடொன்று மோதின. பத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் இந்தச் சத்தங்களுக்கு நடுவே எப்போதும் ஏதாவது ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஊர்த் தியேட்டரில் அந்தக் குளிர்காலத்துக்கு எந்த ஓபரா இசைநாடகம் போடுகிறார்களோ அதன் கோரஸ் பகுதி, பாதி வார்த்தையும் பாதி முனகலுமாக. இர்மா அந்தக் கோரஸில் முன்வரிசைப் பெண்களில் ஒருத்தி. இப்போது அவள் வாயை இறுக மூடிக்கொண்டு தட்டுகளைத் துடைத்தாள். யோசித்துப் பார்த்தால் வேறு விஷயங்களும் வரிசைகட்டி நின்றன. சாப்பாட்டோடு குடிக்கிற அரை கிளாஸ் சிவப்பு ஒயினை விட்டிருந்தாள். வீட்டுக்குள்ளும் கழுத்தில் கம்பளித் துண்டு. கேட்ட கேள்விக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள்.

சந்தேகப்படுவது செவெரினோவுக்குத் தொழில். சமவெளியில் இருக்கிற சீஸ் கிடங்குகளில் கூரை உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கும் நாற்பது கிலோ சீஸ் சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சிறு சுத்தியலால் தட்டி, காதைக் கிட்டத்தில் வைத்துக் கேட்பான். வெளியே ஒரு கீறல் இல்லாமல் பொன்னாக மின்னும் சக்கரம்தான் உள்ளே வெடித்திருக்கும். சத்தம் ஒரு நூல் பிசகினாலும் சாக்பீஸால் குறுக்கே கோடு இழுத்துவிடுவான். முதலாளிகள் எதிர்ப்பேச்சுப் பேச மாட்டார்கள். அதே காதோடுதான் ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிகளுக்குத் தியேட்டரின் உச்சிமாடத்தில் போய் உட்காருவான். கீழே மெத்தை நாற்காலிகளில் இருப்பவர்கள் வேட்டை முடிந்த கறியைத் தின்ன வந்தவர்கள், மேலே மரப்பலகையில் இருக்கிற நாம்தான் வேட்டைக்காரர்கள் என்பது உச்சிமாடத்தாரின் பெருமை. அங்கேயும் செவெரினோ சொன்னால் சொன்னதுதான்.

அந்தக் காது ஒருமுறை வீட்டுக்குள்ளும் வேலை செய்தது. கல்யாணமான புதிதில் இர்மாவுக்குத் தனிப்பாட்டுக்கான தேர்வு ஒன்று வந்தது. முந்தின நாள் சமையலறையில் அவனுக்குப் பாடிக் காட்டினாள். முடித்ததும் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் உள்ளதைச் சொன்னான். "மேல போறப்ப நேரா ஏற மாட்டேங்கிற. கீழ ஒரு ஸ்வரத்தைத் தொட்டுட்டுத்தான் ஏறுற. படியில கால் வச்சுப் பாத்துட்டு ஏறுற மாதிரி. கேக்கிறவனுக்குத் தெரிஞ்சுபோயிடும்." அவள் தேர்வுக்குப் போகவில்லை. அதைப் பற்றி இருவரும் பிறகு பேசிக்கொண்டதும் இல்லை. அதற்குப் பின் அவள் வீட்டில் பாடியதெல்லாம் கோரஸ் பாட்டுதான், நடு ஸ்தாயிக்கு மேலே ஒரு விரல்கூடப் போகாத பாட்டு.

புதன்கிழமை முடிவெட்டிக்கொள்ளப் போனபோது ப்ரிமோ கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டே கேட்டான். ப்ரிமோ நாவிதன், உச்சிமாடத்தில் செவெரினோவுக்குப் பக்கத்துப் பலகை, ஊரில் எந்தச் செய்தியும் அவன் கத்தரிக்குத் தப்பாது.

"ஏம்ப்பா, கோரஸ்காரங்களுக்கு இப்பல்லாம் மத்தியானமும் ஒத்திகையா?"

"இல்லையே. சாயங்காலம்தான்."

"அப்படியா? நேத்து ரெண்டு மணிக்கு உன் வீட்டம்மா பக்கவாசல் வழியா உள்ள போனாங்க. வாத்தியக் குழுவோட உதவி நடத்துநர் துல்லியோ இருக்கானே, சுருட்டைமுடி, அவன்தான் கதவைத் திறந்துவிட்டான். சரி, எனக்கென்ன. தலையைக் குனி."

செவெரினோ தலையைக் குனிந்தான். கத்தரிக்கோல் காதோரம் கிச்கிச்சென்றது.

மறுநாள் கிடங்கில் பாதி வரிசையோடு வேலையை நிறுத்திவிட்டு வந்து தியேட்டருக்குப் பின்புறச் சந்தில் நின்றான். பனிமூட்டம் ஈரத் துணி மாதிரி முகத்தில் ஒட்டியது. முதல் மாடியில் ஒரு ஜன்னலில் வெளிச்சம். பியானோவில் யாரோ ஒரே நாலு ஸ்வரங்களைத் திரும்பத் திரும்பத் தட்டினார்கள். ஆண்குரல் ஏதோ சொன்னது. பிறகு இர்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவன் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் பார்க்க முயன்றான். உடனே யாரோ ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினார்கள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. காது ஒன்றையே நம்பிப் பிழைக்கிறவனுக்குச் சாத்திய ஜன்னலைவிடப் பெரிய அவமானம் இல்லை.

சாயங்காலம் கேட்டான். "மத்தியானம் எங்க போயிருந்த?"

"பல் டாக்டர்கிட்ட," என்றாள் இர்மா, கண் கொட்டாமல். "கடைவாய்ப் பல்."

கூட இரண்டு கேள்வி கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பாள். ஆனால் பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் அதற்குப் பிறகு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் வாசலில் கூட்டம் நெரிந்தது. லிவியா ராவெல்லி இரண்டு வருடத்துக்குப் பிறகு பாட வந்திருந்தாள். போன வசந்தத்தில் தொண்டையில் கத்தி வைத்தார்கள் என்று பேச்சு. கதையில் அவள் காதலனைப் பறிகொடுத்துச் சித்தம் கலங்கிய பெண். மூன்றாம் அங்கத்தில் புல்லாங்குழலோடு போட்டி போட்டுக்கொண்டு கால் மணி நேரம் பாடிவிட்டு, கடைசியில் கூரையைத் தொடுகிற ஒரு ஸ்வரத்தில் நின்று விழ வேண்டும். அந்த ஸ்வரத்தை இசையமைத்தவர் எழுதவே இல்லை. எவளோ ஒருத்தி நூறு வருடத்துக்கு முன் தன் திமிரைக் காட்டப் பாடியது; அதிலிருந்து எவள் வந்தாலும் அதைப் பாடியாக வேண்டும். பாடாமல் விட்டவர்களை இந்த ஊர் உச்சிமாடம் கேலியாக விசிலடித்தே ரயிலேற்றியிருக்கிறது.

"இன்னிக்கு நடுவுல வேண்டாம்," என்றான் ப்ரிமோ. "இடது ஓரத்துல உக்காருவோம்."

"அங்க பாதி மேடை மறையுமே."

"மத்தவங்களுக்கு மறையுற பாதி நமக்குத் தெரியுமில்ல? அந்தம்மா ஒத்திகையில ஒருநாள்கூட அந்த மேல் ஸ்வரத்தைப் பாடலையாம். குரலைச் சேமிக்கிறாங்களாம். இந்தச் சேமிப்பு எனக்குச் சரியாப் படலை." மேல்சட்டைக்குள்ளிருந்து, மேடையைக் கிட்டத்தில் காட்டும் நாடகக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தான்.

செவெரினோ மேடையைப் பார்க்க வந்தவனில்லை. முதல் இரண்டு அங்கமும் அவன் கண் வாத்தியக் குழுவுக்கும் திரை ஓரங்களுக்கும் நடுவே துல்லியோவின் சுருட்டைமுடியைத் தேடியது. கோரஸ் வரும்போதெல்லாம் இர்மாவைத் தேடியது. குடியானவப் பெண்களின் பழுப்பு உடையில் அவள் இரண்டாவதாக நின்றாள். மூன்றாம் அங்கத்தில் கோரஸ் மறுபடி வந்தபோது இரண்டாவது இடத்தில் வேறொருத்தி நின்றாள். செவெரினோ ஒருமுறை எண்ணினான். மறுபடி எண்ணினான். ஒரு தலை குறைந்தது. அப்படியானால் இத்தனை பேர் உட்கார்ந்திருக்க, இந்தக் கூரைக்குக் கீழேயே, எங்கோ ஒரு உடைமாற்றும் அறையில்... அவன் பலகையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

ராவெல்லி பாடத் தொடங்கியிருந்தாள். அவன் அந்த நிலைமையிலும் கேட்டான். கேட்காமல் இருக்க அவனால் முடியாது. பிருகாக்கள் மணிமணியாக உதிர்ந்தன. புல்லாங்குழல் ஒன்று சொன்னால் அவள் அதையே இழைத்துத் திருப்பிச் சொன்னாள். இரண்டு ஸ்வரங்களை மாற்றி மாற்றி அதிரவைத்தபோது மூச்சு எங்கே எடுத்தாள் என்றே தெரியவில்லை. குரல் பழுதில்லை, முழுசு. பிறகு அவள் தடுமாறி நடந்து, மேடையின் வலதுபுறம் அட்டையில் செய்த கிணற்றை நெருங்கி, சபைக்கு முதுகு காட்டி, கூந்தல் சரிய அதன் சுவரில் சாய்ந்தாள்.

ஸ்வரம் வந்தது.

மேலே போகும் முன் கீழே ஒரு ஸ்வரத்தைத் தொட்டது. கண்ணிமைக்கிற நேரத்தில் பாதிதான். பிறகு ஏறி, கூரையில் போய் நின்று, நின்றுகொண்டே இருந்தது.

படியில் கால் வைத்துப் பார்த்துவிட்டு ஏறும் அந்தக் குரல் செவெரினோவுக்குத் தெரியும். ஆயிரம் பேர் கத்துகிறார்கள், தொப்பிகள் பறக்கின்றன, அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. முதலில் வந்தது நிம்மதி, வெட்கமில்லாத நிம்மதி: மத்தியானங்களில் அவள் போனது இதற்குத்தான். நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. இத்தனை வருடமாக இந்தக் குரல் எங்கே இருந்தது? பக்கத்துத் தலையணையில் படுத்துக்கொண்டு, இதை எங்கே ஒளித்து வைத்திருந்தாள்?

ப்ரிமோ மட்டும் கைதட்டவில்லை. "இது அவ வாயிலேர்ந்து வரலை," என்றான் மெதுவாக. பிறகு எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, "பீஸ்! பீஸ்!" என்று அலறினான். மறுபடி பாடு. அவன் அதை ஆசையால் கேட்கவில்லை என்பது செவெரினோவுக்குத் தெரியும். அது பொறி. ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள், பிறகு மாடம் முழுக்க, பிறகு கீழேயும். பலகைகளைக் காலால் உதைத்தார்கள். நடத்துநர் கோலைத் தாழ்த்தியபடி நின்றார். ராவெல்லி அவரைப் பார்க்கவில்லை. கிணற்றைப் பார்த்தாள்.

கடைசிப் பகுதியை மட்டும் திரும்ப எடுத்தார்கள். ப்ரிமோ கைப்பிடிக் கம்பிமேல் வயிறு அழுந்தச் சாய்ந்து கண்ணாடியை உயர்த்தினான். "கொஞ்சம் இடுப்பைப் பிடிச்சுக்கோ. அந்தக் கிணத்துக்குப் பின்னால என்னமோ..."

செவெரினோ அவன் இடுப்பைப் பிடிக்கவில்லை. கண்ணாடியைப் பிடுங்கினான். "குடு இங்க. உனக்குக் கண்ணு எப்ப தெரிஞ்சுது?"

ப்ரிமோவைத் தோளால் தள்ளிவிட்டுத் தானே கம்பிமேல் கவிழ்ந்தான். வட்டத்துக்குள் முதலில் ராவெல்லியின் முதுகு, பிறகு அட்டைக் கல், பிறகு அட்டையைத் தாங்கும் மரச்சட்டம். அதற்கும் பின்னால் கவிழ்த்த பெட்டியொன்றில் இர்மா உட்கார்ந்திருந்தாள். பழுப்பு உடை, கழுத்தில் கம்பளித் துண்டு இல்லை. கண்களை மூடி, விலாவில் இரண்டு கைகளையும் வைத்து, காத்திருந்தாள். நடத்துநரை அவளால் பார்க்க முடியாது. அதற்காகப் பின்னால் திரையிருட்டிலிருந்து நீண்ட விரல்களுள்ள ஒரு கை வந்து அவள் தோளில் தாளம் தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று. அவள் வாய் திறந்தது.

அவள் முகத்தை அவன் எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறான். இப்படி ஒரு முகம் அவளுக்கு இருப்பது தெரியாது. கேட்பவன் எவனுக்கும் பயப்படாத முகம்.

ஸ்வரம் முடிந்தது. கூரை இடிந்து விழுந்த மாதிரி கைதட்டல். தாளம் தட்டிய கை தோளில் அப்படியே இருந்தது. எடுத்துவிடுவான் என்று செவெரினோ பார்த்துக்கொண்டிருந்தான். திரை விழுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னய்யா தெரிஞ்சுது?" ப்ரிமோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். பின்பலகைக்காரர்கள் நாலைந்து பேரும் எட்டிப் பார்த்தார்கள். "சொல்லு. உன் காது என்ன சொல்லுது? அவதானா?"

எல்லாரும் அவன் வாயையே பார்த்தார்கள். அவன் ஒரு சொல் சொன்னால் போதும், அடுத்த நிமிடம் விசில் கிளம்பும். ராவெல்லி இந்த ஊரிலிருந்து மட்டுமல்ல, மேடையிலிருந்தே போய்விடுவாள். இர்மாவுக்குக் கோரஸில்கூட இடம் இருக்காது. துல்லியோவும் ஒழிவான். அந்தக் கடைசி எண்ணம் நாக்கு நுனிவரை இனித்துக்கொண்டு வந்ததை அவன் உணர்ந்தான்.

"அவதான்," என்றான். "ஒரு பழுதும் இல்லை."

"சத்தியமா?"

"ஏன்யா, என் காது மேலயே சந்தேகமா?"

ப்ரிமோ அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு அரைமனதாகக் கைதட்டத் தொடங்கினான். பிழையென்று தெரிந்த ஒன்றைச் சரியென்று செவெரினோ சொன்னது அதுதான் முதல் முறை. அதுவும் இத்தனை சுலபமாக.

பக்கவாசலில் ஐந்தரைக்கெல்லாம் விளக்கு போட்டிருந்தார்கள். ராவெல்லி மலர்க்கொத்துகளுக்கு நடுவே வந்து, கார் ஏறிப் போனாள். கூட்டமும் அவள் பின்னாலேயே கலைந்தது. அதற்குப் பிறகுதான் இர்மா வந்தாள், துண்டைக் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு. கூட வந்த துல்லியோ செவெரினோவைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டு, "வணக்கம்," என்றான். கிட்டத்தில் பார்த்தால் சின்ன வயசு. விரல்கள் நீளம். "மேடம் இன்னிக்கு ரொம்பக் களைச்சுட்டாங்க. சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க." இர்மா அவனுக்குத் தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பில் ஏதாவது இருந்ததா என்று செவெரினோ தேடினான்.

தெருவில் இருவரும் நடந்தார்கள். மூட்டம் கீழிறங்கி விளக்குகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது.

"எப்படி இருந்துது?" என்றாள் கடைசியில். குரல் கரகரத்தது.

"என்ன எப்படி?"

"ராவெல்லி."

"கூட்டம் மறுபடி பாட வச்சுதே, பாத்தேல்ல."

"கூட்டத்தைக் கேக்கலை. உன்னைக் கேட்டேன்."

அவன் நாலடி நடந்தான். "கீழ்ப் பாட்டெல்லாம் பிரமாதம். கடைசி ஸ்வரம்..." அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டது அவனுக்குக் கேட்டது. "...இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருக்கலாம். கேக்கணும் போல இருந்துச்சு."

இர்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவனுக்குத் தெரியுமா என்று பார்க்கிறாள். பார்க்கட்டும் என்று அவன் நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தான். எவ்வளவு தெரியும் என்பது அவனுக்கே தெரியவில்லை.

"அடுத்த மாசம் கடற்கரைப் பக்கம் ரெண்டு ஊர்ல போடுறாங்களாம்," என்றாள். "ஒரு வாரம். என்னையும் வரச் சொல்லுறாங்க."

"கோரஸ் முழுக்கவா?"

"இல்லை. ஒண்ணு ரெண்டு பேர்."

"யாரு கூட்டிட்டுப் போறாங்க?"

"துல்லியோகிட்ட கார் இருக்கு."

ரயில்வே கேட்டை நெருங்கும்போது மணி அடித்து, சிவப்பும் வெள்ளையுமான கட்டை அவர்கள் முன்னால் இறங்கியது. சரக்கு வண்டி. முதல் பெட்டி கடந்ததும் தரை அதிர ஆரம்பித்தது. ஒன்றன்பின் ஒன்றாக, முடிவே இல்லாததுபோல் போய்க்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் செவெரினோ பக்கவாட்டில் திரும்பினான். இர்மா முகத்தை வண்டிக்கு நேராக உயர்த்தி வைத்திருந்தாள். துண்டு நெகிழ்ந்திருந்தது. அவள் வாய் திறந்திருந்தது. அதிலிருந்து வெள்ளை ஆவி அறுபடாமல் நீண்டு, மூட்டத்தோடு கலந்தது. சொல்கிறாளா, பாடுகிறாளா, வெறுமனே மூச்சு விடுகிறாளா? அவன் காதை அவள் பக்கம் கொண்டுபோனான். இரும்பின் சத்தம்தான் கேட்டது.

கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு மறைந்தது.

"என்ன?" என்றான்.

"ஒண்ணுமில்லை," என்றாள் இர்மா.

கட்டை மெல்ல மேலே எழுந்தது. இருவரும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்கள்.