வண்டியின் குரல்

பல் டாக்டருக்கு மாமனார் தன் பழைய காரைக் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும். டாக்டரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கம்பெனியில் விற்காமல் நின்ற வண்டியைப் போலவே அது எட்டு மாதமாக ஷெட்டில் அசையாமல் நின்றது.

கிளட்ச் தேய்ந்துவிட்டது. அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதற்கு அடியில், சேஸியின் இரண்டு நீளச் சட்டங்களுக்கும் நடுவே, கட்டிலின் குறுக்குச் சட்டம் மாதிரி உள்ளே வெற்றிடமான ஓர் இரும்புச் சட்டம் ஓடுகிறது. கிராஸ் மெம்பர் என்பார்கள். மற்ற வண்டிகளில் போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். இதில் இரண்டு முனையையும் வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தான் எந்தப் புண்ணியவானோ. ஆகவே கிளட்சைத் தொட வேண்டுமானால் எஞ்சினையே தூக்க வேண்டும். வந்து பார்த்த மூன்று மெக்கானிக்குகளும் ஒரே மாதிரி சிரித்துவிட்டு ஒரே மாதிரி நழுவினார்கள்.

"வெட்டி எடுத்துட்டு, கழட்டி மாட்டற மாதிரி போல்ட் வச்சிடலாம் மாமா."

மாமனார் எடைக்கற்களையும் தராசுகளையும் பரிசோதிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தலையைக் கண்டாலே கடைக்காரர்கள் தராசிலிருந்து விரலை எடுத்துவிடுவார்கள்.

"ஏன் மாப்பிள்ளை, உங்க கிளினிக்ல நல்ல பல்லையும் இப்படித்தான் பிடுங்கித் திரும்ப மாட்டி விடுவீங்களோ?"

"அதுக்குத் தனி ஃபீஸ் மாமா."

டாக்டரின் மனைவி நடுவில் புகுந்தாள். "அப்பா, ஞாயித்துக்கிழமைக்குள்ள வண்டி நகரலைன்னா ஷெட்டுல துணி காயப்போடக் கொடி கட்டிடுவேன்."

மாமனார் இறங்கி வந்தார், பாதி தூரம் மட்டும். அவர் கண்ணெதிரில்தான் வெட்ட வேண்டும். வேலை முடிந்தபின் இரண்டு சட்டங்களுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் வண்டி அவர் வீட்டுக்கே திரும்பிவிடும். அளக்கும் டேப்பும் அவருடையது.

அந்த வண்டிக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் அடியிலிருந்து 'கடக்' என்று சத்தம் வரும். கேட்டால், "அதான் இந்த வண்டியோட குரல்" என்று மாமனார் கண்ணை மூடிக்கொள்வார். நாலு தெரு தள்ளி இருக்கும் தம்பியின் குரலைத்தான் அவர் பத்தொன்பது வருடமாகக் கேட்டதில்லை. அவருடைய ஸ்பேனர் பெட்டியிலிருந்து பதினேழாம் நம்பர் காணாமல் போன அன்று, "ஸ்பேனரை எடுத்தது நீதானே?" என்று கேட்டார். தம்பி தலை குனிந்தார். அதற்கு மேல் என்ன விசாரணை? பெட்டியை மூடிக் கம்பி சுற்றி, ஆபீஸ் முறைப்படி ஈய முத்திரை குத்திப் பரணில் ஏற்றிவிட்டார். மிச்சத்தை எண்ணிப் பார்க்கக்கூட மனம் வரவில்லை என்று பெருமையாகவே சொல்லுவார்.

சனிக்கிழமை காலை வெல்டர் வந்தார். படகுத் துறையில் வேலை செய்யும் பெண்மணி. வண்டியை நாலு ஸ்டாண்டில் நிறுத்தி, கியர்பாக்ஸுக்கு ஜாக்கும் மரக்கட்டையும் முட்டுக் கொடுத்து, வெட்டும்போது சட்டங்கள் விலகாதபடி நடுவே ஒரு தடிக் கம்பியைத் தற்காலிகமாக வெல்டு செய்தார். மாமனார் ஸ்டூலிலிருந்து இறங்கி அளந்தார், எழுதினார், நம்பிக்கை வராமல் மறுபடி அளந்தார்.

பெயின்டைச் சுரண்டிய வெல்டர் வண்டிக்கு அடியிலிருந்தே குரல் கொடுத்தார். "டாக்டர், வலது பக்கம் கம்பெனி வெல்டிங். இடது பக்கம் ஒரு கிலோ பட்டி பூசி மறைச்சிருக்கு. அதுக்குக் கீழ யாரோ கண்ணை மூடிக்கிட்டு வெல்டு வச்சிருக்காங்க. ஏற்கெனவே ஒரு தடவை வெட்டியிருக்கு."

டாக்டர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் ஷெட்டின் கூரை சரியாக இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

"கம்பெனில அவசரத்துல பண்ணியிருப்பான்," என்றார் கூரையிடம்.

கிரைண்டர் சீறியது. இரண்டு முனையும் அறுந்து, கிராஸ் மெம்பர் கையோடு வந்தது. சாய்த்ததும் உள்ளே 'கடக்' என்றது. இன்னும் கொஞ்சம் சாய்க்க, வண்டியின் குரல் தரையில் வந்து விழுந்தது. பதினேழாம் நம்பர் ஸ்பேனர்.

வெல்டர் அதை எடுத்துத் துடைத்து மாமனாரிடம் நீட்டினார். "கம்பெனிக்காரன் நல்லவன் சார். டூல்ஸும் சேர்த்தே குடுத்திருக்கான்."

மாமனார் ஸ்டூலில் உட்கார்ந்தார். "கழட்டி மாட்டற மாதிரி பண்ணலாம்னு நானும்தான் ஆரம்பிச்சேன். ஒரு பக்கம் வெட்டினேன். அடுத்த பக்கம் வெட்ட மனசு வரல. இது உள்ள போனது தெரியாம அப்படியே ஒட்டிட்டேன்."

"மனசா சார், தைரியமா?"

"ஏம்மா, நீ வெல்டிங்கை மட்டும் பாரேன்."

வெல்டர் அதையே பார்த்தார். தகடுகளை ஜோடி ஜோடியாக முதலில் போல்ட் போட்டு இறுக்கி, அப்புறம்தான் ஒன்றைச் சட்டத்து முனையிலும் மற்றதைக் கிராஸ் மெம்பரிலும் வெல்டு செய்தார். அப்போதுதான் துளைகள் பிசகாது. பக்கத்துக்கு இரண்டு போல்ட். எல்லாம் பதினேழாம் நம்பர். மாமனார் தன் ஸ்பேனராலேயே கழற்றிப் பார்த்தார், மாட்டினார், இன்னொரு தடவை கழற்றினார். தடிக் கம்பியை அறுத்தபின் டேப்பைப் பிடித்தார். மயிரிழைகூட மாறவில்லை.

"வண்டி உங்களுக்குத்தான் மாப்பிள்ளை," என்றார், வேறு எதையோ யோசித்தபடி.

சிரித்த மெக்கானிக்குகளில் ஒருவர் சிரிக்காமல் வந்து கிளட்சை மாற்றினார். ஞாயிறு மாலை வண்டி ஊமையாகத் திருப்பங்களில் திரும்பியது. மாமனார் மடியில் ஸ்பேனர், வாயில் வழி. அந்த வழி தற்செயலாகத் தம்பி வீட்டு வாசலில் முடிந்தது.

"குடுத்துட்டு வந்துடறேன். உட்கார மாட்டேன்."

உள்ளே போய் உட்கார்ந்தார். ஸ்பேனரை நீட்டி, "தப்பு என் மேலதான்டா," என்றார். டாக்டர் தன் வாழ்நாளில் கேட்டிராத வாக்கியம்.

தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போனார். திரும்பி வந்து, அதன் பக்கத்தில் இன்னொரு ஸ்பேனரை வைத்தார்.

"பதினேழையா இத்தனை வருஷமா தேடினே? நான் எடுத்தது பதினாலு, அண்ணா. எந்த நம்பர்னு நீ சொல்லவே இல்லையே."

மாமனார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சிவந்தது. "மாப்பிள்ளை, கிளம்புங்க!"

டாக்டர் எழுந்து போய் வண்டியில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தபோது அண்ணன் அதே நாற்காலியில்தான் இருந்தார். பதினாலாம் நம்பரைத் தம்பியின் மூக்கருகே ஆட்டியபடி, பத்தொன்பது வருடத் திட்டையும் முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார். தம்பி அவருக்கு இன்னொரு டம்ளர் தண்ணீர் எடுத்துவரப் போய்க்கொண்டிருந்தார்.