கடைசி நாள் நடை

விருந்தாளிகள் தங்கப்போகும் வாரத்தில் கடைசி நாளை மட்டும் தன்னிடம் விட்டுவிடும்படி வழிகாட்டி பெனிக்னா கேட்டாள். யுரேனா காப்பியைக் கலக்குவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

மற்ற நாட்களை இருவரும் அந்தக் காலையிலேயே பேசி முடித்திருந்தார்கள். வருகிறவர்கள் ஹாலந்துக்காரர்கள். கடற்கரையில் மல்லாந்து படுக்க வருகிற கூட்டமில்லை, செடி, பறவை, பாறை என்று தேடித் திரிகிறவர்கள். அவர்களுக்கு வடக்கே மஞ்சு சொட்டும் லாரல் காடு, பெரும்பள்ளத்தில் பைன் மரங்களுக்கு நடுவே மஞ்சளாக ஓடும் ஓடை, தெற்கு முனையில் உப்பளம், ஒரு நாள் படகில் போய் ஓங்கில் என்கிற டால்பின் பார்ப்பது. துறைமுகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பாறைச் சிப்பி சொல்லிவிடலாம் என்று யுரேனா சொன்னபோது மட்டும் பெனிக்னா வேண்டாமென்றாள். மீனும் உப்பில் வெந்த உருளைக்கிழங்கும் போதும் என்றாள். யுரேனா ஏன் என்று கேட்கவில்லை. அவள் பக்கத்துத் தீவான தெனெரிஃபேயில் பிறந்தவள். எரிமலை அடங்கியபின் சுற்றுலா நிறுவனம் ஒன்று அவளை இந்த லா பால்மா தீவுக்கு அனுப்பியிருந்தது. கெட்டிக்காரி, நல்ல மனசுக்காரி, ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கு என்ன போயிற்று என்பது அவளுக்குத் தெரியாது.

"கடைசி நாள் மேல பைன் காட்டு வழியா கூட்டிட்டுப் போயி எரிமலை வாயக் காட்டிட்டு எறக்கிரலாம்னு இருந்தேன்" என்றாள் யுரேனா. "எல்லாருக்கும் அதான புடிக்குது."

"கீழ போகலாம். லோமோ பார்தோ பக்கமா."

"அங்க என்ன இருக்கு? கரியக் கொட்டி வச்ச மாதிரி வெறும் கல்லு. படம் புடிக்கக்கூட ஒண்ணுமில்லயே."

பெனிக்னா இந்தக் கேள்விக்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். அந்தக் கல்லில் இப்போதுதான் பாசி பிடிக்கத் தொடங்கியிருக்கிறது என்று நிதானமாகச் சொன்னாள். வெடிப்புகளில் சூடு குறைந்த இடங்களில் பெரணி முளைக்கிறதாம், செத்த கல்லில் உயிர் எப்படி மறுபடி ஆரம்பிக்கிறது என்று பார்க்க இயற்கையை நேசிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இந்தத் தீவில் கிடையாது. சொல்லச் சொல்ல யுரேனாவின் முகம் மலர்ந்தது.

"எம் புள்ள, இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க" என்றாள். தன்னைவிட இரட்டிப்பு வயதுக்காரியை அப்படி அழைப்பது அந்தத் தீவுகளின் வழக்கம்தான். "உயிரின் முதல் இலைன்னு பேரு வச்சிரலாம். வாரத்த முடிக்க இதவிட அழகா ஒண்ணு கெடைக்காது."

பெனிக்னா தலையாட்டினாள். பெரணியைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் கிடையாது. அவள் ஊரான லோமோ பார்தோவின் கல்லறைத் தோட்டம், எரிமலைக் குழம்பு உறைந்த அந்தக் கல்லுக்கு அடியில் இருந்தது. அவள் மகன் ஐராம் அங்கேதான் இருந்தான்.

ஐராம் பாறைச் சிப்பி பொறுக்கப் போனவன். கடல் அமைதியாகத்தான் கிடந்ததாம். கூடப் போன சிநேகிதன் வாளியை எடுக்கத் திரும்பினான், மறுபடி பார்த்தபோது பாறைமேல் ஆள் இல்லை. வெகுநாள் தேடிய பிறகு ஒரு சின்னத் துறையில் ஒதுங்கியிருந்தான். கடல் அவன் உடலையாவது திருப்பிக் கொடுத்ததே என்று ஊர் பேசியது. எத்தனையோ வீடுகளில் வெறும் பெட்டியைத்தான் வைத்து மூடியிருக்கிறார்கள். ஐராமைக் கல்லறைத் தோட்டத்துச் சுவர் மாடத்தில் பெட்டியோடு வைத்து முன்னால் வெள்ளைப் பலகை பதித்தார்கள். வாழைக்காய் அடுக்கிப் பெட்டி கட்டும் பட்டறையில் வேலை முடிந்து வரும் வழியில் பெனிக்னா அந்தப் பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். எதுவும் பேசமாட்டாள், அழவும் மாட்டாள். துடைப்பாள், வாடின பூவை எடுப்பாள், வேறு வைப்பாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது, அதுவே அவளை நிமிர்த்தி வைத்திருந்தது.

பிறகு மலை திறந்துகொண்டது. வீடு முதல் வாரத்திலேயே போயிற்று. அதற்காக அவள் அதிகம் கலங்கவில்லை. வெளியேற்றப்பட்டவர்களைத் தங்கவைத்த விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டில் கொண்டைக்கடலைக் குழம்போடு உட்கார்ந்திருந்தபோது, தொலைக்காட்சியில் கல்லறைத் தோட்டத்தின் வெளிச்சுவர் சாய்வதைக் காட்டினார்கள். கறுப்பாக ஒன்று மெதுவாக, அவசரமே இல்லாமல் உள்ளே நுழைந்தது. பக்கத்து மேசைக்காரர் எழுந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்தார். அவள் கணவன் உபால்தோ வெளியே போய்விட்டான். பெனிக்னா கடைசிவரை பார்த்தாள்.

மூன்று மாதம்போல எரிந்துவிட்டு மலை அடங்கியது. ஆனால் கல் ஆறவில்லை. அடியில் இன்னும் சூடு, வெடிப்புகளில் மணமில்லாத நச்சுவாயு. பள்ளத்தாக்கைச் சுற்றித் தடுப்பு போட்டார்கள். ஊர்க்காரர்கள் கெஞ்சியும் சண்டை போட்டும் பார்த்தார்கள், ஒரு பூவை வைத்துவிட்டு வந்துவிடுகிறோம் என்றார்கள். ஆறட்டும் பார்க்கலாம் என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது. ஆனால் பதிவு பெற்ற வழிகாட்டி, தலைக்கவசம் மாட்டிய சுற்றுலாக் குழுவோடு போகலாம் என்றொரு ஏற்பாடு வந்தது. செத்தவனின் தாய் போகக்கூடாது, படம் பிடிக்க வருகிறவன் போகலாம். இதைக் கேட்ட மறுநாள் பெனிக்னா பட்டறை வேலையை விட்டுவிட்டு வழிகாட்டிப் பயிற்சிக்குப் பேர் கொடுத்தாள். தன் பிள்ளை வயதுள்ளவர்களோடு உட்கார்ந்து பாறைகளின் பேரும் முதலுதவியும் படித்தாள். முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு மலை ஏறினாள். தேறிவிட்டாள்.

யுரேனா ஒத்துக்கொண்ட அன்று மாலை, அரசாங்கம் கொடுத்த மரப்பெட்டி வீட்டில், அந்தச் செய்தியை உபால்தோவிடம் சொன்னாள். அவன் அடுத்தவர் தோட்டத்தில் வாழை வெட்டிவிட்டு வந்து, பாலில் சோளமாவைக் கரைத்துக்கொண்டிருந்தான். கரண்டி நின்றது.

"அங்க ஒண்ணும் இல்ல, பெனிக்னா."

"அவன் இருக்கான்."

"இருந்தான். கடல் குடுத்துச்சு, மலை வாங்கிருச்சு. அவ்வளவுதான்."

அவள் விடவில்லை. இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி மட்டும் சொல், கூட வரவேண்டாம் என்றாள். அவன் கரண்டியாலேயே மேசையில் கோடு இழுத்துக் காட்டினான். மேற்கே குன்றின்மேல் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதல்லவா, அது இன்னும் நிற்கிறது. கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றால் அந்தத் தொட்டி வலது தோளுக்கு நேராக வரும். அப்படியே இடப்பக்கம் கிழக்கே பார்த்தால் மலைவிளிம்பில் ஒரு வெட்டு தெரியும், பல் விழுந்த ஈறு மாதிரி. இரண்டும் ஒரே கோட்டில் வரும் இடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி உள்ளே போனால் அவன் மாடம். சொல்லி முடித்துவிட்டு, மாவைத் தொடாமல் எழுந்துபோனான்.

ஹாலந்துக்காரர்கள் வந்தார்கள். நரைத்த தலைகள், நல்ல பூட்ஸ், எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆசை. காட்டில் ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்தார்கள். படகில் ஓங்கில் துள்ளியபோது குழந்தைகளைப் போலக் கைதட்டினார்கள். மரைக்கே என்ற உயரமான கிழவி பெனிக்னாவோடு ஒட்டிக்கொண்டாள். உடைந்த ஸ்பானிஷில் தன் கணவன் போன வருஷம் இறந்துபோனதைச் சொன்னாள், உனக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். ஒரு பையன் என்றாள் பெனிக்னா. பக்கத்தில் இருக்கிறானா என்று அவள் கேட்டதற்கு, பக்கத்தில்தான் என்றாள்.

கடைசி நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. தடுப்புக் காவல்காரர் தலைக்கவசங்களை எண்ணி உள்ளே விட்டார். பெனிக்னாவின் இடுப்பில் வாயு அளக்கும் கருவி தொங்கியது. கல்லின் முனைகள் கண்ணாடிச் சில்லுபோல இருந்தன. அவள் கையைப் பக்கவாட்டில் நீட்டி ஒவ்வொருவரையும் மெதுவாக நடத்தினாள். உள்ளே போகப் போக ஊரின் அடையாளம் ஏதாவது தென்படும் என்று நினைத்திருந்தாள், ஒரு கூரை, ஒரு சுவர், பாதிப் புதைந்த மரம் ஏதாவது. ஒன்றும் தென்படவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே கறுப்பு.

தொட்டி தெரிந்தது. அதை வலது தோளுக்கு நேராக வைத்துக்கொண்டு இடப்பக்கம் கிழக்கே தலையைத் திருப்பினாள். மலைவிளிம்பு அங்கே இல்லை. புதிதாக எழும்பிய எரிமலைக் கூம்பு நடுவில் நின்று அதை மறைத்துக்கொண்டிருந்தது. உபால்தோ சொன்ன வெட்டு அதற்குப் பின்னால் எங்கேயோ இருந்தது. அவள் நாலடி நகர்ந்து பார்த்தாள். பிறகு கொஞ்சம் மேலே ஏறி நின்றாள். மறுபடி இறங்கினாள். தரையே வீட்டுக்கூரைகளுக்கு மேல் உயர்ந்துவிட்டதில், தொட்டியும் பழைய உயரத்தில் தெரியவில்லை. விருந்தாளிகள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அவள் அவர்களைப் பெரணி தேடச் சொன்னாள்.

ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். எல்லோரும் ஓடிப்போய் ஒரு வெடிப்பைச் சுற்றி மண்டியிட்டார்கள். விரல்நீளத்தில் இரண்டு பச்சை. மரைக்கேவின் கண்கள் நிறைந்துவிட்டன. அவள் பெனிக்னாவைக் கூப்பிட்டு, இங்கே முன்னால் ஆட்கள் வாழ்ந்தார்களா என்று கேட்டாள். வாழைத் தோட்டம்தான் என்று பெனிக்னா சொன்னாள். அவர்களைப் போலவே தானும் மண்டியிட்டுக் கல்லில் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு ஜெபம் சொல்ல நினைத்துத்தான் வந்திருந்தாள். இந்தக் கல்லுக்கா, அந்தக் கல்லுக்கா என்று தெரியாமல் வாய் திறக்க மறுத்தது. அழுகைகூட வரவில்லை. தான் இங்கே வந்ததே யாருக்காக என்று ஒரு நொடி அவளுக்கு மறந்துபோனது. அது அவளைப் பயமுறுத்தியது.

அப்போது இடுப்பிலிருந்த கருவி அலறத் தொடங்கியது.

எல்லோரையும் எழுப்பி, வந்த வழியே காற்றுக்கு எதிராக நடக்கச் சொன்னாள். பயிற்சியில் சொன்னபடி எல்லாம் சரியாகச் செய்தாள். ஆனால் கடைசி ஆள் கிளம்பியபின் அவள் மட்டும் நின்றாள். இன்னும் ஒரு தடவை, அந்த மேட்டிலிருந்து பார்த்தால் தெரியலாம் என்று மேட்டை நோக்கி நடந்தாள். தலை கனத்தது. யாரோ முழங்கையைப் பிடித்து இழுத்தார்கள். மரைக்கே திரும்பி வந்திருந்தாள். "வா, வா" என்று அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, இறுகப் பிடித்த பிடியை விடாமல் அவளை வெளியே கொண்டுவந்து சேர்த்தாள்.

கருவி அலறியது மறைக்கக்கூடிய விஷயமில்லை. அன்று மதியமே லோமோ பார்தோ வழியை மூடிவிட்டதாகத் தகவல் வந்தது. வழிகாட்டிகளும் இனிப் போகமுடியாது.

விருந்தாளிகளை வண்டியேற்றி அனுப்பியபின் பெனிக்னா தடுப்புக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். உபால்தோ தோட்டத்து வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். தான் வருவதாக அவன் சொல்லியிருக்கவில்லை. காவல்காரர் அவனைப் பார்த்துத் தலையசைத்து, தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம்விட்டார்.

"ஒனக்கு அவரத் தெரியுமா?" என்று பெனிக்னா கணவனிடம் கேட்டாள்.

காவல்காரர்தான் பதில் சொன்னார். "தெரியாமயா? வேல முடிச்சிட்டுத் தெனமும் இங்க வந்து நிப்பாரே. ஒரு வார்த்த பேசமாட்டாரு. நின்னுட்டுப் போயிருவாரு."

பெனிக்னா கணவனைப் பார்த்தாள். அவன் தடுப்புக் கம்பியில் கையை வைத்துக் கறுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கண்டுபுடிச்சியா?"

"இல்ல. எங்கன்னே தெரியல. நீ சொன்ன மலைவெட்ட அந்தக் கூம்பு மறைச்சிருச்சு."

"எனக்குத் தெரியும். கூம்பு வளர்றப்பவே பாத்தேன்."

"தெரிஞ்சுமா எனக்கு வழி சொன்ன?"

"கேட்டியே" என்றான். பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னான். "இங்கருந்து பாத்தா, அந்தா அங்க இருக்கான்னு நெனச்சுக்கிறேன். ஒருநாள் அந்தப் பக்கம், ஒருநாள் இந்தப் பக்கம். உள்ள போனா அதுவும் போயிரும்னுதான் நான் வரல."

பெனிக்னா எழுந்து அவன் பக்கத்தில் வந்து நின்று, அவன் பார்த்த திசையில் பார்த்தாள். அவளுக்கு அங்கே கல்தான் தெரிந்தது. எந்த இடத்தைப் பார்த்தாலும் அங்கே தான் நடந்து பார்த்துவிட்டது நினைவுக்கு வந்தது. இவனிடம் மிச்சமிருந்தது தன்னிடம் இல்லை என்பது மெல்லப் புரிந்தது.

அடுத்த வாரம் யுரேனா போனில் கூப்பிட்டாள். ஹாலந்துக்காரர்களுக்குக் கடைசி நாள்தான் வாரத்திலேயே பிடித்துப்போயிற்றாம், அந்தப் பெரணியின் படத்தை ஒருவர் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறாராம். வழி மூடியது மட்டும் பாவம் என்றாள். வசந்தத்துக்கு இன்னொரு குழு வருகிறது, எப்படித் திட்டம் போடலாம், கடைசி நாளுக்கு என்ன வைக்கலாம் என்று கேட்டாள்.

பெனிக்னா சன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிர்வீட்டு மரப்பெட்டியின் கூரையில் யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள். மேலே பைன் காட்டு வழியாகவே போய்க்கொள்ளலாம் என்றாள். யுரேனா சந்தோஷமாக, மதியத்துக்குத் துறைமுகத்தில் இந்தத் தடவையாவது பாறைச் சிப்பி வைக்கலாமா என்று கேட்டாள்.

"வச்சுக்கோ" என்றாள் பெனிக்னா.